எப்போதும் ஒரு வாக்கியம் முன்னால்: ‘பிளாக் ஸ்வான் க்ரீன்’ நாவல் மதிப்புரை

டீச்சர் கேள்வி கேட்கிறார். ஜேசனுக்கு விடை தெரியும். ஆனால் அந்த விடை அவன் வாயில் சிக்குகிற எழுத்தில் தொடங்குகிறது. அதனால் தெரியாது என்கிறான், திட்டு வாங்கிக்கொள்கிறான். வகுப்புக்கு முன்னால் திக்குவதைவிட மக்கு என்று பெயரெடுப்பது மலிவு. இது 13 வயது ஜேசன் டெய்லர் எப்போதோ போட்டுப் பார்த்து முடிவு செய்துவிட்ட கணக்கு.

டேவிட் மிட்செலின் ‘பிளாக் ஸ்வான் க்ரீன்’ (2006) முழுக்க இப்படிப்பட்ட கணக்குகளால் ஆன நாவல். பயந்த பையன்களைப் பற்றிய நாவல்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமே இல்லை. பலவற்றில் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து வருத்தப்படுவான், வாசகரும் கூடவே உட்கார வேண்டியிருக்கும். ஜேசனுக்கு உட்கார நேரமில்லை. பயம் அவனுக்கு முழுநேர வேலை. காலையில் எந்தப் பாதையில் போவது, யாரை எந்தப் பெயரால் கூப்பிடுவது, அடுத்த வாக்கியத்தில் எந்தச் சொல்லைத் தவிர்ப்பது, வீட்டில் எந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது என்று அவன் மண்டை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த வகை நாவல்களில் இதை முதலில் எடுத்து வாசியுங்கள் என்று நான் சொல்வதற்கு அந்த ஓட்டம்தான் காரணம். குறைகளும் இருக்கின்றன, பின்னால் வருகிறேன். கதையின் கடைசிப் பகுதியையும் கொஞ்சம் உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

முதலில் கட்டமைப்பு. மொத்தம் 13 அத்தியாயங்கள், மாதத்துக்கு ஒன்று. 1982 ஜனவரியில் தொடங்கி 1983 ஜனவரியில் முடிகிறது. முதல் அத்தியாயத்துக்கும் கடைசி அத்தியாயத்துக்கும் ஒரே தலைப்பு: ‘ஜனவரி மேன்’. இடம் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் மால்வெர்ன் மலையடிவாரத்தை ஒட்டிய பிளாக் ஸ்வான் க்ரீன் என்ற கற்பனைக் கிராமம். ‘ஸ்வான்’ என்று பெயரில் அன்னம் இருக்கிறது, ஊரில் அன்னம் கிடையாது. ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை அது. ஒவ்வொரு அத்தியாயமும் தனிச் சிறுகதைபோல ஆரம்பித்துத் தன்னளவில் முடியும். மாதத்துக்கு மாதம் கதை தொடர்ந்து ஓடாது. நடுவில் நடந்ததை நாமாக நிரப்பிக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் ஒரு கோஷ்டியில் சேரத் துடித்தவன் செப்டம்பரில் ஏன் எல்லோருக்கும் இளக்காரமானான் என்பதற்கு நேரடி விளக்கம் கிடைக்காது. சிறு சிறு குறிப்புகளாகத்தான் கிடைக்கும். அவசரமாகப் பக்கம் புரட்டுகிறவர்கள் இங்கே வழி தவறுவார்கள்.

மிட்செல் 1969 ஜனவரியில் பிறந்தவர். கதை தொடங்கும் மாதத்தில் அவருக்கும் வயது 13. வளர்ந்ததும் அதே வூஸ்டர்ஷயர்ப் பக்கம்தான். அவருக்கும் திக்கல் உண்டு. அதைப் பற்றி வெளிப்படையாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார், பிரிட்டனின் திக்கல் சங்கத்துக்குப் புரவலராகவும் இருந்திருக்கிறார். இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலும் நாவலை வாசிக்கலாம். ஆனால் இரண்டாவது அத்தியாயமான ‘ஹேங்மேன்’ ஏன் இவ்வளவு துல்லியம் என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

‘ஹேங்மேன்’ என்பது கரும்பலகையில் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஊகிக்கும் விளையாட்டு. தவறாகச் சொன்னால் தூக்குமரத்தில் ஒரு கோடு கூடும். ஆரம்பப் பள்ளியில் அந்த விளையாட்டு நடக்கும்போதுதான் ஜேசனுக்கு முதன்முதலில் வகுப்பறையில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பலகையில் இருந்த சொல் ‘நைட்டிங்கேல்’. அதிலிருந்து தன் திக்கலுக்கே ஹேங்மேன், அதாவது தூக்கிலிடுபவன், என்று பெயர் வைத்துவிடுகிறான். முதலில் ‘என்’ (N) எழுத்துச் சொற்களில் பிடிக்கிறது, பிறகு ‘எஸ்’ (S) எழுத்துக்கும் பரவுகிறது.

இந்த அத்தியாயத்தில் ஜேசன் தன் தந்திரங்களை வரிசையாக விளக்குகிறான். அதை மெதுவாக வாசிக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் ஒரு வாக்கியம் முன்னால் ஓடிப் பார்ப்பது முதல் தந்திரம். அங்கே ஆபத்தான சொல் தென்பட்டால் வாக்கியத்தையே திருப்பிவிட வேண்டும், எதிரே இருப்பவருக்கு அது தெரியவும் கூடாது. இதற்காகவே அவன் அகராதி வாசிக்கிறான். ஆனால் அகராதி காப்பாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. சோகம் என்ற பொருளில் ‘சேட்’ (sad) என்று சொல்ல வராதபோது அதே பொருளுள்ள ‘மெலன்கலி’ என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். கேட்பது இன்னொரு 13 வயதுப் பையன் என்றால் செத்தான். அவன் படிக்கும் அப்டன் அப்பான் செவர்ன் பள்ளியில் அந்த வயதுப் பையன் இப்படிப்பட்ட பெரியவர்கள் சொல்லை எடுத்துவிட்டால் அது அந்த வாரம் முழுக்கக் கேலிக்குப் போதும். அதனால் மாற்றுச்சொல் கிடைத்தால் மட்டும் போதாது, அது கேட்பவரின் வயதுக்கும் இடத்துக்கும் பொருந்தவும் வேண்டும். இத்தனையும் அரை நொடிக்குள் நடந்தாக வேண்டும். அது முடியாதபோது ‘ம்ம்...’ என்று இழுத்து நேரம் வாங்கலாம், அடிக்கடி செய்தால் மந்தம் என்பார்கள். கடைசி வழிதான் மேலே சொன்ன ‘தெரியாது’.

திக்கல் உள்ளவர்கள் இதை வாசித்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சொல்லை மாற்றிப் பேசுவது, சில சூழ்நிலைகளையே ஒதுக்குவது, திக்கவே இல்லாதவர்போல நடமாடுவது எல்லாம் பேச்சுச் சிகிச்சையில் நன்றாகப் பதிவான பழக்கங்கள். வெளியே கேட்கும் அடைப்பைவிட உள்ளே நடக்கும் இந்தத் தவிர்ப்பு வேலைதான் பலருக்குப் பெரிய சுமை. சத்தமாகப் புத்தகம் வாசிக்கச் சொல்வதும் சொந்தப் பெயரைச் சொல்லச் சொல்வதும் ஏன் அவர்களுக்கு எமன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அந்த இரண்டு இடத்திலும் மாற்றுச்சொல்லுக்கு வழியில்லை. வகுப்புக் கூட்டத்தில் வாசிக்கும் முறை ஜேசனுக்கு வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மொத்தக் கதை. கேட்பதற்கு அற்பம். ஆனால் அந்த நாள் நெருங்க நெருங்க வாசிக்கிறவர் வயிற்றிலும் ஏதோ புரள்கிறது.

ஹேங்மேன் எப்போது தாக்கும் என்பதற்கு ஜேசன் எழுதிவைத்திருக்கும் கட்டளைகளையும் கவனியுங்கள். திக்குமோ என்று பயந்துகொண்டிருக்கும்போது கழுத்தைப் பிடிக்கும். பயத்தையே மறந்து இருக்கும்போது பதுங்கியிருந்து பாயும். சிகிச்சை தருபவர் முன்னால் மட்டும் வெளியே தலைகாட்டாது. பேச்சுப் பயிற்சி தரும் மிஸஸ் டி ரூ மெட்ரோனோமின் தாளத்துக்குச் சொற்களைப் பொருத்திப் பேசப் பழக்குகிறார். தாளத்தோடு பேசினால் திக்கல் குறைவது உண்மைதான். அந்த அறையைவிட்டு வெளியே வந்ததும் பலன் கரைந்துவிடுவதும் உண்மைதான், தாளக்கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் சீட்டுக் கேட்க முடியாதே. மிட்செல் இந்தச் சிகிச்சையை மந்திரமாகவும் காட்டவில்லை, மோசடியாகவும் காட்டவில்லை. நாவலின் முடிவிலும் திக்கல் குணமாகிவிடவில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே ஆசிரியரைப் பாராட்டலாம். காதல் வந்ததும், கைதட்டல் கிடைத்ததும் திக்குவாய் சரியாகிவிடும் கதைகளைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

அடுத்த கணக்கு பெயர்களைப் பற்றியது. பையனாக இருப்பது என்றாலே ராணுவம் மாதிரி, எல்லாம் பதவி வரிசைதான் என்பது ஜேசனின் கண்டுபிடிப்பு. உச்சியில் இருப்பவர்களை முதல் பெயரால் கூப்பிடுவார்கள், அல்லது மரியாதையான ஒரு செல்லப்பெயர் இருக்கும். நடுவில் இருப்பவர்களுக்குக் குடும்பப் பெயர் மட்டும். ஜேசன் அங்கே வெறும் ‘டெய்லர்’. அடித்தட்டில் கிடப்பவர்களுக்குக் கேலிப்பெயர். அவன் நண்பன் டீன் மோரனை எல்லோரும் ‘மோரான்’ என்பார்கள், மடையன் என்று அர்த்தம். இதில் கூர்மையான இடம் ஒன்று உண்டு. நாலு பேர் முன்னால் மோரனை ‘டீன்’ என்று அன்பாகக் கூப்பிட்டால் மோரனின் மதிப்பு கூடாது, கூப்பிட்ட ஜேசனின் மதிப்புதான் இறங்கும். நண்பனிடம் கருணை காட்டுவதற்கும் விலை இருக்கிறது. ஜூன் மாத அத்தியாயமான ‘ஸ்பூக்ஸ்’ இந்த விலையைத்தான் கேட்கிறது. ஊரின் ரகசியக் கோஷ்டியில் சேர வரிசையான சில வீடுகளின் பின்தோட்டங்களை இரவில், கால் மணி நேரத்துக்குள், பிடிபடாமல் கடக்க வேண்டும். ஜேசன் கடந்துவிடுகிறான். மோரன் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுகிறான். அப்புறம் ஜேசன் என்ன செய்கிறான், அதற்குக் கோஷ்டி என்ன செய்கிறது என்பதை நீங்களே வாசியுங்கள்.

கவிதை எழுதுவது இந்த ஊரில் திக்குவதைவிட மோசமான குற்றம். அதனால் ‘எலியட் பொலிவார்’ என்ற புனைபெயரில் எழுதித் தேவாலயப் பத்திரிகைக்கு அனுப்புகிறான். ஒரு கவிஞர் பெயரும் ஒரு விடுதலை வீரர் பெயரும் சேர்ந்தது அது. 13 வயதின் பேராசைக்கு இதைவிடப் பொருத்தமான புனைபெயர் கிடைப்பது கஷ்டம். மனதுக்குள் இன்னும் இரண்டு குரல்கள் உண்டு. துணிச்சலைத் தூண்டிவிடுகிற ‘பிறக்காத இரட்டை’ ஒன்று, கும்பலோடு ஒட்டிக்கொள் என்று நச்சரிக்கிற ‘புழு’ இன்னொன்று. முதல் வாசிப்பில் இந்த மூன்றும் குழம்பலாம். ஹேங்மேன் தொண்டையைப் பிடிப்பது, இரட்டை மாட்டிவிடுவது, புழு கோழையாக்குவது என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டுப் பகுதியைப் பலர் சலிப்பு என்பார்கள். எனக்கு நாவலின் நுணுக்கமான வேலை அங்கேதான் இருக்கிறது. அப்பா சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தில் மேலாளர். அவருடைய அலுவல் அறைக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், நாவலின் முதல் வரியே அதுதான். அந்த அறையில் தொலைபேசி விடாமல் அடிக்கிறது. ஜேசன் சட்டத்தை மீறி எடுக்கிறான். மறுமுனையில் யாரோ இருக்கிறார்கள், பேசவில்லை. அது என்ன அழைப்பு என்று வாசகருக்குச் சில பக்கங்களிலேயே பிடிபட்டுவிடும். ஜேசனுக்கு ஒரு வருடம் ஆகும். மற்றவர் முகத்தில் அரை நொடிச் சுளிப்பைக்கூடக் கண்டுபிடிக்கிற பையன் தன் பெற்றோரின் திருமணம் உடைவதை மட்டும் பார்க்க மறுக்கிறான். இந்த முரணை மிட்செல் எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை. மார்ச் மாத விருந்தில் சித்தப்பா குடும்பம் வருகிறது. அம்மாவும் அப்பாவும் நேரடியாக ஒரு கடுஞ்சொல் பேசாமலே சண்டை போட்டு முடிக்கிறார்கள். பிறகு அம்மாவின் பாறைத் தோட்டம் ஒரு போர்க்களம் ஆகிறது. நம் வீடுகளில் தட்டை வைக்கிற சத்தத்தில் சண்டை நடக்குமே, அதே ரகம்.

தாத்தாவின் ஒமேகா சீமாஸ்டர் கைக்கடிகாரத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஜனவரியில் உறைந்த ஏரியில் தனியாகச் சறுக்கி விழும்போது அதை உடைத்துவிடுகிறான். பிறகு மாதக்கணக்கில் அந்த உடைப்பை மறைக்கிறான். யாராவது மணி கேட்டால், மணிக்கட்டைப் பார்த்தால், பழைய பொருள்கள் விற்கும் கடையைக் கடந்தால் வயிறு கலங்கும். கதையில் எந்தத் திருப்பமும் இதனால் வராது. அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பதற்றம் உள்ள பிள்ளைகளுக்கு உண்மையில் இப்படித்தான் நடக்கிறது, ஒரு சின்னப் பொருள் வீட்டைவிடப் பெரிதாகிவிடும்.

ஃபாக்லாந்து போர் மே மாதத்தில் வருகிறது. 1982 ஏப்ரல் 2 முதல் ஜூன் 14 வரை 74 நாள் நடந்த போர் அது. பிரிட்டன் தரப்பில் 255 பேரும் அர்ஜென்டினா தரப்பில் 649 பேரும் இறந்தார்கள். பையன்களுக்கு முதலில் அது கால்பந்துப் போட்டி மாதிரி. மே 25இல் மூழ்கடிக்கப்பட்ட ‘கோவென்ட்ரி’ கப்பலில் அவர்கள் ஊர் இளைஞன் டாம் யூவும் இருக்கிறான். அன்றோடு கைதட்டல் நிற்கிறது. அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர், அரசியல் எல்லாம் இந்த அளவு தெரிந்தால் போதும். வரலாறு புரட்டிவிட்டு வர வேண்டிய அவசியமில்லை.

ஜூலை மாத ‘சொலாரியம்’ அத்தியாயம்தான் வாசகர்களைப் பிரிக்கும். பழைய பாதிரியார் இல்லத்தில் தங்கியிருக்கும் மேடம் க்ரோமெலிங்க் என்ற பெல்ஜியக் கிழவி ஜேசனின் கவிதைகளைப் பிரித்து மேய்கிறாள். அழகாக எழுத முயலாதே, உண்மையை எழுது, புனைபெயருக்குப் பின்னால் ஒளியாதே என்பது பாடம். எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதை மட்டும் தனியாகக் கொடுத்தாலே பயன்படும். கிழவியும் அட்டகாசமான பாத்திரம், சிகரெட்டும் திமிருமாக இருக்கிறாள். ஆனால் பேச்சு நீளம். ஆசிரியர் தன் கலைக்கொள்கையைப் பெல்ஜிய உச்சரிப்பில் வாசித்துக் காட்டுகிறார் என்று சில பக்கங்களில் தோன்றிவிடும். மிட்செலின் முந்தைய நாவலான ‘கிளவுட் அட்லஸ்’ (2004) வாசித்தவர்களுக்கு இவள் அங்கே இளம்பெண்ணாக வந்த ஏவா என்பது தெரிந்து கூடுதல் சுவை கிடைக்கும். வாசிக்காதவர்களுக்கு நட்டமில்லை.

இனி குறைகள். ஜேசனின் மொழி பல இடங்களில் 13 வயதைத் தாண்டுகிறது. அவன் கவிதை எழுதுகிறவன் என்ற சமாதானம் பாதி தூரம்தான் வரும். பக்கத்துக்கு மூன்று உவமைகள், அதுவும் பளபளப்பானவை, வரிசையாக வரும்போது பின்னால் மிட்செல் பேனா பிடித்திருப்பது தெரிகிறது. அக்டோபரில் வரும் ‘நைஃப் க்ரைண்டர்’ அத்தியாயத்தில் ஊருக்குள் ஜிப்சிகளுக்கு முகாம் இடம் ஒதுக்குவதை எதிர்த்துக் கூட்டம் நடக்கிறது. ஊர்ப்பெரியவர்கள் எல்லோரும் கேலிச்சித்திரமாகிவிடுகிறார்கள், அத்தியாயம் ஏற்கெனவே முடிவு செய்த கருத்தைத்தான் நிரூபிக்கிறது. எனக்கு நாவலில் பலவீனமான இடம் இது.

பெரிய சிக்கல் முடிவை நோக்கிய அவசரம். 11 மாதம் பதுங்கிய பையன் டிசம்பரில் ஒரே அத்தியாயத்தில் பணம் பறிக்கும் நீல் ப்ரோஸின் கால்குலேட்டரை பள்ளி உலோகப் பட்டறையின் பிடிசிராவியில் வைத்து இறுக்கி நொறுக்குகிறான், தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்கிறான், நடன விழாவில் ஒரு பெண்ணை முத்தமிடுகிறான். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நம்பலாம். மூன்றும் சேர்ந்து வரும்போது நாவல் தன் கணக்கையே மறந்துவிடுகிறது. அத்தனை ஆண்டு பயம் இவ்வளவு சீக்கிரம் செல்லாக்காசாகிவிடுமா? அதற்கு முந்தைய ‘கூஸ் ஃபேர்’ அத்தியாயம் இதைவிட மேல். அவனை வதைத்த ராஸ் வில்காக்ஸின் பணப்பை, உள்ளே 600 பவுண்டுடன், சந்தையில் ஜேசன் கையில் கிடைக்கிறது. பழிவாங்க நல்ல வாய்ப்பு. ஆனால் அன்றிரவு வில்காக்ஸ் மோட்டார்சைக்கிள் விபத்தில் காலை இழக்கிறான். எதிரிக்குத் தண்டனை கிடைத்த திருப்தி வாசகருக்கும் ஜேசனுக்கும் ஒரு கணம்கூடக் கிடைப்பதில்லை, அந்த இடத்தில் வெட்கம்தான் வந்து உட்கார்கிறது.

அக்கா ஜூலியாவைப் பற்றி ஒரு வரியாவது எழுதாவிட்டால் பாவம். ஆரம்பத்தில் தம்பியை ‘திங்’, அதாவது ‘இது’ என்று கூப்பிடுகிறவள், எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போய்த் திரும்பும்போது ‘ஜேஸ்’ என்கிறாள். இந்த மாற்றத்தை எந்தக் காட்சியிலும் கோடு போட்டுக் காட்டவில்லை.

வாசிக்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பதிப்பைப் பொறுத்து 300 பக்கத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ வரும். ஆங்கில நாவல் ஓரளவு பழக்கம் உள்ளவர் ஒரு உட்காரலில் ஓர் அத்தியாயம் முடிக்கலாம், அப்படி வாசிப்பதுதான் இந்த அமைப்புக்கும் பொருந்தும். முட்டுக்கட்டை போடுவது இலக்கணம் அல்ல, 1980களின் பிரிட்டிஷ் பள்ளிப் பேச்சு. ‘ஏஸ்’, ‘எபிக்’ என்றால் பாராட்டு, ‘டிம்மர்’ என்றால் மந்தபுத்தி, ‘ட்விக்’ என்றால் விஷயம் புரிந்துவிடுவது. ‘சப்போஸ்’, ‘பிகாஸ்’ எல்லாம் பாதி விழுங்கி எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அகராதி தேடினால் வேகம் செத்துவிடும், 40 பக்கத்தில் காது பழகிவிடும். பழைய மிட்டாய்ப் பெயர்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் ஏராளமாக வரும், தாண்டிப் போனால் இழப்பில்லை.

முதல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உறைந்த ஏரி, மூழ்கிப்போன பையன், காட்டுக்குள் ஒரு கிழவியின் வீடு என்று அது பேய்க்கதை மாதிரி வேஷம் போடும். நாவலின் உண்மையான சுபாவம் ‘ஹேங்மேன்’ அத்தியாயத்தில்தான் தெரியும். அதையும் முடித்தபின் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மூடிவிடலாம், பின்னால் வேறு நாவலாக மாறப்போவதில்லை.

வயது என்று கேட்டால் 14க்கு மேல். கெட்ட வார்த்தைகள் உண்டு, மரத்தின் மேல் இருந்து ஜேசன் ஒரு காதல் ஜோடியைப் பார்க்கிற காட்சி உண்டு, ஜிப்சிகளையும் தன்பாலினத்தவரையும் இழிவாகப் பேசும் அக்காலப் பேச்சு மூடாமல் அப்படியே வரும். பள்ளி நூலகத்தில் வைப்பவர்கள் முன்னால் வாசித்துவிட்டு வைப்பது நல்லது. திக்கல் உள்ள பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் ‘உனக்காகத்தான் வாங்கினேன்’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். பேசாமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆசிரியர்களுக்கோ ‘ஹேங்மேன்’ அத்தியாயம் ஒன்று போதும். வருகைப் பதிவில் பெயர் கூப்பிடும்போது வெறும் கை மட்டும் தூக்குகிற பையன், வாசிக்கச் சொன்னால் தொண்டை வலி என்கிற பையன், எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதிவிட்டு வாய்மொழிக் கேள்விக்கு எப்போதும் ‘தெரியாது’ என்கிற பெண் ஆகியோரைப் பற்றி அதில் நிறைய இருக்கிறது.